கையால் எழுதிய வரி

உழவர் கம்பெனி பெரியநாயகசாமிக்குத் தரவேண்டிய பாக்கி அறுபதாயிரத்து நூற்று நாற்பது ரூபாய். தை மாதக் கடைசியில் அவர் களத்திலிருந்து அறுபத்திரண்டு சிப்பம் நெல்லை லாரியில் கொண்டுபோனார்கள். மூட்டைகளை லாரியில் ஏற்றியதும் அவர் முதுகுதான். ஏற்றுக்கூலி அன்றைக்கே கைக்கு வந்துவிட்டது. நெல்லுக்கான பணம் மட்டும் பங்குனி பிறந்து இரண்டு வாரமாகியும் வரவில்லை.

அதற்குள் பத்தொன்பது தடவை தஞ்சாவூருக்குப் பஸ் ஏறிவிட்டார்.

கம்பெனி ஆபீஸ் ஓர் உரக்கடைக்கு மேல் மாடியில் இருந்தது. ஏற வேண்டியது பதினேழு படி. உள்ளே மேனேஜர் உலகநாதன், கம்ப்யூட்டர் பார்க்கும் லின்சி, மேனேஜர் தலைக்கு நேரே மட்டும் சுற்றுகிற ஒரு மின்விசிறி. வந்து உட்காருகிறவர்களுக்குக் கால் வெடித்த பிளாஸ்டிக் நாற்காலி ஒன்று. எந்தப் பக்கமும் சாயாமல் அதில் உட்காரும் வித்தையைப் பெரியநாயகசாமி கற்றுக்கொண்டிருந்தார்.

அவர் எழுத்துப் படித்ததே நாற்பத்து நாலு வயதில், மாதா கோயில் மண்டபத்து மாலை வகுப்பில். பத்து வருஷம் ஆகியும் அந்த ஆசை அடங்கவில்லை. கண்ணில் பட்டதையெல்லாம் எழுத்துக் கூட்டி வாசித்தாக வேண்டும். சுவரிலிருந்த பூச்சிமருந்துக் காலண்டர், தீயணைக்கும் உருளையில் ஒட்டியிருந்த காலாவதித் தேதி, கதவில் 'தள்ளவும்' என்று எழுதி இழுத்தால் மட்டுமே திறக்கிற அநியாயம், எல்லாம் மனப்பாடம். லின்சியின் திரையில் இங்கிலீஷ் வரிகளுக்கு நடுவே ஒரே ஒரு தமிழ் வரி வரும். 'சேவை தற்போது கிடைக்கவில்லை. பிறகு முயலவும்.' இதை வாசிக்கத்தானா மூட்டை தூக்கிவிட்டு வந்து கண் எரிய எரிய எழுத்துப் படித்தோம் என்று அவருக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அந்தப் புதன்கிழமையும் அதே வரிதான் வந்தது.

"ஏம்மா, இன்னைக்கும் சர்வருக்கு உடம்பு சரியில்லையா?"

"ஐயா, சும்மா குத்திக் காட்டாதீங்க. நானும் தினம் இதோடதான் மல்லுக்கட்டிட்டு இருக்கேன்."

"ஒரு மாசத்துக்கு மேல மல்லுக்கட்டுற. கோதாவுல எதிராளி யாருன்னாவது சொல்லு."

உலகநாதன் ஃபைலிலிருந்து தலையைத் தூக்கினார். "யோவ் பெரியநாயகம், அந்தப் புள்ளைய வேலை செய்ய விடுய்யா. பேங்க் கம்ப்யூட்டரோட சோப் சர்வீஸ்ல கோளாறாம். உனக்குச் சொன்னா புரியுமா?"

"எனக்குப் புரிய வேணாம் சார். சோப்போ சீயக்காயோ, என் பணம் ஏறணும். வர்ற ஞாயித்துக்கிழமை குருத்து ஞாயிறு."

குருத்து ஞாயிறு என்றால் மேனேஜருக்கு ஒரு விசேஷ நாள், அவ்வளவுதான். பெரியநாயகசாமியின் ஊரில் அது கணக்கு நாள். அவர் சாகுபடி செய்யும் ஐந்து மா நிலம் பங்குக் கோயிலுக்குச் சொந்தம், அவர் குத்தகைக்காரர். குருத்து ஞாயிற்றுப் பூசை முடிந்து ஓலையோடு எல்லாரும் நிற்கும்போது, கோயில் பொருளாளர் கிளமென்ட் குத்தகை கட்டாதவர்களின் பேரை மைக்கில் வாசிப்பார். வாசிக்கப்பட்ட பேரின் நிலம் அங்கேயே அடுத்தவருக்குப் போய்விடும். பெரியநாயகசாமியின் ஐந்து மாவுக்கு டேவிட்சன் போன வருஷமே கண் வைத்துவிட்டான். அவனிடம் சொந்த டிராக்டர் இருந்தது, பம்புசெட் இருந்தது, கட்டுவதற்குப் பணமும் இருந்தது. பெரியநாயகசாமி கட்ட வேண்டிய குத்தகை பதினெட்டாயிரம். சனிக்கிழமை நாலாவது சனி, பேங்க் லீவு. ஆக, வெள்ளிக்கிழமைக்குள் பணம் ஏறியாக வேண்டும்.

லின்சி நாற்காலியை அவர் பக்கம் திருப்பினாள். இருபத்தாறு வயது. கம்ப்யூட்டரோடு சேர்த்து ஆதார் ஜெராக்ஸ் எடுப்பது, பிரிண்டருக்கு மை ஊற்றுவது, மேனேஜர் பெண்ணின் ஸ்கூல் புராஜெக்ட் என்று எல்லாமும் அவள் தலையில்தான்.

"கேளுங்க. நம்ம ஆபீஸ் பேங்குக்கு நேரா பணம் அனுப்ப முடியாது. பேங்க்ல ஒரு வெப் சர்வீஸ் வச்சிருக்காங்க. அதுகிட்ட இன்னாருக்கு இவ்வளவு போடுன்னு கேட்கணும். எப்படிக் கேட்கணும், எந்தெந்தக் கட்டத்துல என்ன நிரப்பணும்னு டபிள்யூஎஸ்டிஎல்னு ஒரு ஃபைல் கொடுத்திருக்காங்க. அந்த ஃபைலை ஜாவாவுல ஒரு டூல்கிட்ட கொடுத்தா, அதுவே நாப்பத்திரண்டு ஃபைல் எழுதிக் கொடுத்துடும். க்ளையன்ட் கிளாஸ்னு பேரு. அதை வச்சுத்தான் பேங்கைக் கூப்பிடறோம்."

"நீ எழுதலையா?"

"இல்லைங்க. மெஷினே எழுதறது."

"நடவு மெஷின் மாதிரி."

"அப்படியே வச்சுக்குங்க. போன மாசம் பேங்க்ல அந்த டபிள்யூஎஸ்டிஎல்லை மாத்திட்டாங்க. ரெண்டு கட்டம் புதுசா சேர்த்திருக்காங்க. நான் பழைய நாப்பத்திரண்டையும் அழிச்சிட்டுப் புதுசா உருவாக்கினேன். முந்நூத்தி எழுபது பேருக்குப் பணம் சரியாப் போயிடுச்சு. பதினோரு பேருக்கு மட்டும் போக மாட்டேங்குது. பதினோரு பேரும் உங்க ஊரு."

பெரியநாயகசாமி நாற்காலியின் முனைக்கு நகர்ந்தார்.

"அழிச்சிட்டியா?"

"ஆமா. அழிச்சிட்டுத்தானே மறுபடி உருவாக்கணும்? ஒவ்வொரு ஃபைல் தலையிலயும் எழுதியே இருக்கும், இது மெஷின் எழுதினது, இதுல கையால எதையாவது மாத்தினா அடுத்த தடவை காணாமப் போயிடும்னு. அதனால யாரும் அதுல கை வைக்க மாட்டாங்க."

யார் கை வைத்தது என்பது பெரியநாயகசாமிக்குத் தெரியும். இதே நாற்காலியில் உட்கார்ந்து, அப்போது இதற்குக் கால் வெடித்திருக்கவில்லை, கண்ணாலேயே பார்த்தவர் அவர்.

இரண்டு வருஷம் முன்பு லின்சியின் இடத்தில் சூர்யபிரகாஷ் என்ற பையன் இருந்தான். பேராவூரணிப் பக்கத்துக்காரன், வாய்நிறைய அண்ணே அண்ணே என்பான். அப்போதும் இப்படித்தான், கோயில் நிலத்துக் குத்தகைக்காரர்கள் பதினோரு பேருக்கும் பணம் ஏறவில்லை. பேங்க் கேட்கிற கட்டங்களில் ஒன்று பட்டா எண். குத்தகைக்காரனுக்கு ஏது பட்டா? பெரியநாயகசாமி பத்து நாள் நடையாய் நடந்தார். பதினோராவது நாள் சூர்யபிரகாஷ் தலையைச் சொறிந்துகொண்டே, "அண்ணே, நிலம் யார் பேர்ல இருக்கோ அந்தப் பட்டா நம்பர் போதும்ண்ணே. உங்க குத்தகை ரசீது இருக்கா?" என்றான். ரசீதில் அச்சடித்திருந்தது: பட்டா எண் 318. பதினோரு பேருக்கும் அதே எண்தான், கோயில் நிலம் முழுக்க ஒரே பட்டா. பையன் படபடவென்று ஒரு வரி தட்டினான். பட்டா கட்டம் காலியாக இருந்தால் 318 என்று போட்டுக்கொள், அவ்வளவுதான். அன்றைக்கு மத்தியானமே பணம் ஏறியது.

பெரியநாயகசாமி வீட்டுக் கிச்சிலிச் சம்பா அரிசி பத்து கிலோ கொண்டுபோய் அவன் மேசைக்கடியில் வைத்தார். அவன் குரலைத் தாழ்த்தி, "அண்ணே, இது மெஷின் எழுதற ஃபைலு. இதுல கை வைக்கவே கூடாது. நேரமில்லாம வச்சுட்டேன். மேனேஜருக்குத் தெரிஞ்சா என்னைய வீட்டுக்கு அனுப்பிடுவாரு. மாதா மேல சத்தியம் பண்ணுங்க, யார்கிட்டயும் சொல்ல மாட்டேன்னு" என்றான். பெரியநாயகசாமி சத்தியம் பண்ணினார். இரண்டு வருஷமாக மனைவியிடம்கூடச் சொல்லவில்லை.

இப்போது லின்சி திரையில் விரலை வைத்தாள். "இந்தா, கண்டுபிடிச்சேன். மத்தவங்களுக்குப் பட்டா நம்பர்னு ஒரு கட்டம் நிரம்பியிருக்கு. உங்க பதினோரு பேருக்கும் காலி. ஐயா, உங்க பட்டா நம்பர் என்ன?"

"எனக்கு ஏதும்மா பட்டா?"

"அப்ப போன வருஷம் எப்படிப் பணம் ஏறுச்சு?"

மேனேஜரும் நிமிர்ந்து பார்த்தார். பெரியநாயகசாமியின் சட்டைப் பையில், பிளாஸ்டிக் உறைக்குள் போன வருஷத்து ரசீது இருந்தது. அதில் முந்நூற்றுப் பதினெட்டும் இருந்தது. எடுத்து நீட்டினால் இந்த எண்ணைப் போட்டால் ஏறும் என்று எப்படி உனக்குத் தெரியும், முன்பு யார் போட்டது என்று மேனேஜர் தோண்டுவார். மாதா மேல் பண்ணிய சத்தியம்.

"ஏறுச்சு… எப்படியோ ஏறுச்சு. எனக்கென்ன தெரியும்?"

"எப்படியோவா?" உலகநாதன் பேனாவைக் கீழே போட்டார். "யோவ், உன் பணம் எப்படி வந்துச்சுன்னு உனக்கே தெரியாது. அப்புறம் ஏன் வரலைன்னு என்கிட்ட வந்து கேக்குற. இப்ப பேங்க்ல ரூல்ஸ் மாத்திட்டான்போல. உன் பேர்ல பட்டா கொண்டா. இல்லைன்னா ஆளை விடு."

"ரூல்ஸ் மாத்தினதா எங்கேயும் போடலையே சார்" என்றாள் லின்சி. "பழைய ஃபைல் ஒரு காப்பி இருந்தா ஒப்பிட்டுப் பாத்துடுவேன். முன்னாடி இருந்தவரு ஒரு காப்பியும் வைக்கலை. யாருக்கும் ஒரு வரி எழுதி வைக்கணும்னே தோணாதா?"

அந்த வார்த்தை பெரியநாயகசாமியின் மேலேயே வந்து விழுந்ததுபோல் இருந்தது. எழுந்து, இழுத்தால் திறக்கும் கதவைத் தள்ளி, நெற்றியில் இடித்துக்கொண்டு வெளியே வந்தார்.

வியாழக்கிழமை ஊர் கிராம நிர்வாக அலுவலரிடம் போனார், இல்லாத பட்டாவைக் கேட்க. போகும்போதே அது வெட்டி வேலை என்று தெரியும். ஆனாலும் வீட்டில் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

அலுவலர் கண்ணாடியைக் கழற்றி ஒருமுறை அவரைப் பார்த்தார். "கோயில் நிலத்துக்கு உங்க பேர்ல பட்டா வேணுமா? அப்படியே பெரிய கோயிலுக்கும் ஒண்ணு எழுதித் தரட்டுமா?"

பக்கத்தில் ஜாதிச் சான்றிதழுக்கு நின்றவர்கள் சிரித்தார்கள். பெரியநாயகசாமிக்கும் சிரிப்பு வந்தது. சிரித்துவிட்டு வெளியே வந்து வாய்க்கால் மதகில் காறித் துப்பினார்.

வீட்டுக்கு வந்தால் மனைவி ஆரோக்கியம் முறத்தோடு உட்கார்ந்திருந்தாள்.

"கிளமென்ட் அண்ணன் வந்துட்டுப் போனாரு. பேர் லிஸ்ட் நாளைக்குச் சாயங்காலம் எழுதறாராம். வாசிக்கறப்ப மனசு கஷ்டமா இருக்கும், முன்கூட்டியே சொல்லிடலாம்னு வந்தாராம். ரொம்ப நல்லவரு."

"ம்."

"என்ன ம்? டேவிட்சன் நம்ம வரப்புல நின்னு அளந்து பாக்குறான். அன்னைக்குச் சேறு மிதிச்சு வரப்பு கட்டுனது யாரு? அவனா, அவன் டிராக்டரா?"

"எனக்குத் தெரியாதாடி? வாயைக் கிளறாத."

"பத்தொன்பது நாள் போய் அந்த ஆபீஸ்ல என்னதான் பண்றீங்க? காலண்டர் படிக்கிறீங்களா?"

உண்மை சுடும் என்பதால் அவருக்குக் கோபம் வந்தது. கோபம் வந்ததில் வாய் தவறியது. "காரணம் தெரியும்டி எனக்கு! தெரிஞ்சும் சொல்ல முடியலை. மாதா மேல சத்தியம் பண்ணிருக்கேன்!"

முறம் நின்றது. ஆரோக்கியம் மெதுவாகத் தலையைத் தூக்கினாள். "யாருக்கு?"

"சூர்யா தம்பிக்கு."

"கம்ப்யூட்டர் தம்பிக்கா? என்ன சத்தியம்?"

"சொல்லக் கூடாதுன்னுதானே சத்தியம்! என்ன சத்தியம்னு கேக்குற."

ஆரோக்கியம் முறத்தைக் கீழே வைத்தாள். "ஏங்க, சத்தியம் வாங்கினவன் உசுரோட இருக்கான்ல? அவன்கிட்டயே போன் போட்டு, தம்பி, என்னைய விட்டுடுன்னு கேட்டா மாதா அடிப்பாங்களா?"

பெரியநாயகசாமி அவளையே பார்த்தார். இது எப்படித் தனக்குத் தோன்றவில்லை என்று தன் மேலேயே எரிச்சலாக வந்தது.

"நம்பர் கிடையாதுடி. ஆபீஸ்ல கேட்டா எதுக்குன்னு கேப்பாங்க."

"கல்யாணப் பத்திரிகை அனுப்புனானே. மொய் நூத்தியொண்ணு அனுப்பினமே. பத்திரிகையில நம்பர் இருக்காதா?"

பத்திரிகை அரிசிப் பானைக்கு மூடியாக இருந்தது. மஞ்சள் கறைக்கு மேல் இருந்த பத்து எண்ணையும் விரல் வைத்து இரண்டு தடவை வாசித்துவிட்டு அழுத்தினார். மணி போய்க்கொண்டே இருந்தது. எடுக்கவில்லை. ராத்திரி சாப்பாட்டுக்கு முன் மூன்று தடவை போட்டார். எடுக்கவில்லை.

வெள்ளிக்கிழமை காலை எட்டு பத்து பஸ்ஸில் ஜன்னல் கம்பியைப் பிடித்து நின்றுகொண்டிருந்தபோது போன் அடித்தது.

"ஹலோ, யாரு? நேத்து நாலு மிஸ்டு கால் இருக்கு. லோன் வேணாம்ங்க."

"தம்பி, நான் பெரியநாயகசாமி. உழவர் கம்பெனி. கிச்சிலிச் சம்பா."

"அண்ணே! கிச்சிலிச் சம்பா அண்ணே! எப்படி இருக்கீங்க? நான் மெட்ராஸ்ல புது வேலையில இருக்கேன்ண்ணே."

"நல்லா இரு தம்பி. எனக்கு ஒரு உத்தரவு வேணும். நீ அன்னைக்கு கையால எழுதினியே ஒரு வரி, அதைச் சொல்லிக்கலாமா? மாதா மேல சத்தியம் வாங்கினியே."

"எந்த வரிண்ணே?"

"முந்நூத்திப் பதினெட்டு."

"அடக் கடவுளே! அதை இன்னுமா யார்கிட்டயும் சொல்லலை? அண்ணே, நான் அன்னைக்குச் சும்மா ஒரு பேச்சுக்குச் சொன்னேன்ண்ணே. மறுநாளே மறந்துட்டேன்."

பெரியநாயகசாமிக்குக் காது மடல் சூடானது. கண்டக்டர் டிக்கெட் டிக்கெட் என்று தோளைத் தட்டினான்.

"பேச்சுக்கா? டேய்… தம்பி. மாதாவை இழுத்துட்டு வந்து பேச்சுக்குன்னு சொல்ற. ஒரு மாசமா நான் அந்த உடைஞ்ச நாற்காலியில ஒரு கால்ல உட்காந்திருக்கேன்!"

"என்னண்ணே ஆச்சு?"

சொன்னார். முழுசும் கேட்டுவிட்டுச் சூர்யபிரகாஷ், "ஐயோ, திரும்ப ஜெனரேட் பண்ணிட்டாங்களா? போயிருக்கும்ண்ணே. போயேதான் இருக்கும். அங்க இருக்கறவங்ககிட்ட போனைக் கொடுங்க, என் வாயாலேயே சொல்லிடறேன்" என்றான்.

"நீ சொல்ல வேணாம். நான் சொல்லலாம்னு மட்டும் சொல்லு."

"சொல்லுங்கண்ணே, தாராளமா சொல்லுங்க. போஸ்டர் வேணா ஒட்டுங்க."

பதினேழு படியையும் அவர் மூட்டை இல்லாத தோளோடு ஏறினார். மேனேஜர் இன்னும் வந்திருக்கவில்லை. லின்சி டிபன் டப்பாவைத் திறந்து வைத்திருந்தாள். பெரியநாயகசாமி பிளாஸ்டிக் உறையிலிருந்து ரசீதை எடுத்து இட்லிக்குப் பக்கத்தில் வைத்தார்.

"அந்தக் காலிக் கட்டத்துல இதைப் போடு. முந்நூத்திப் பதினெட்டு. கோயில் பட்டா. பதினோரு பேரும் கோயில் நிலத்துக் குத்தகைக்காரங்க. முன்னாடி இருந்த தம்பி மெஷின் ஃபைல்ல கையால எழுதி வச்சிருந்துச்சு. நீ அழிச்சதுல போயிடுச்சு."

லின்சி ரசீதைப் பார்த்தாள். அவரைப் பார்த்தாள். மறுபடி ரசீதைப் பார்த்தாள்.

"இது புதன்கிழமையே தெரியுமா உங்களுக்கு?"

"தெரியும்."

"ஐயா! நான் மூணு வாரம் பேங்க் ஹெல்ப் டெஸ்க்குக்கு எழுபது மெயில் போட்டிருக்கேன். உங்க பேரு நீளமா இருக்குன்னு நினைச்சு, 'பெரி'ன்னு மட்டும் போட்டெல்லாம் அனுப்பிப் பாத்தேன். ஜாவா வெர்ஷன் மாத்தினேன். இந்த கம்ப்யூட்டரையே ஃபார்மேட் பண்ணினேன்! உங்க பாக்கெட்லயே இருந்திருக்கு!"

"சத்தியம் பண்ணிருந்தேன்ம்மா. இன்னைக்குக் காலையிலதான் விடுதலை கிடைச்சுது."

அவள் தலையில் அடித்துக்கொண்டாள். பிறகு இட்லியைத் தள்ளி வைத்துவிட்டுத் தட்ட ஆரம்பித்தாள்.

"அதே ஃபைல்லயா எழுதற?" என்றார் பெரியநாயகசாமி பதறிப்போய்.

"மாட்டேன். அதுல எழுதினா அடுத்த தடவை பேங்க்காரன் எதையாவது மாத்தினதும் மறுபடி நீங்க இங்க வந்து உட்காருவீங்க. இது தனி ஃபைல், நான் எழுதறது. மெஷின் ஃபைலைக் கூப்பிடறதுக்கு முன்னாடி கட்டம் காலியா இருக்கான்னு பாக்கும். இருந்தா, குத்தகைன்னா, நிலத்துக்காரங்க நம்பரைப் போடும். மெஷின் எத்தனை தடவை வேணா அழிச்சு எழுதட்டும், இது இருக்கும். உங்க பேரையும் முழுசா திரும்பப் போட்டாச்சு."

"எழுதி வச்சுடு, எதுக்குன்னு. தமிழ்லயே எழுது."

எழுதினாள். அவர் கூட்டிக் கூட்டி வாசித்தார். 'கோயில் நிலக் குத்தகைதாரர்கள். இதை நீக்க வேண்டாம்.' அந்த இங்கிலீஷ் காட்டுக்குள் அவருக்குத் தெரிந்த இரண்டாவது தமிழ் வரி அது.

பேங்க் சர்வீஸ் பதினோரு மணிக்குத்தான் திறக்கும். அதற்குள் மேனேஜர் வந்து, விஷயம் கேட்டு, "சொல்லித் தொலைக்க வேண்டியதுதானேய்யா" என்று நாலு தடவை சொல்லி, ஐந்தாவது தடவை டீ வாங்கிக் கொடுத்தார். பதினொன்று ஐந்துக்கு லின்சி பட்டனை அழுத்தினாள். சுற்றியது. நின்றது. 'சேவை தற்போது கிடைக்கவில்லை' வந்தது.

பெரியநாயகசாமி எழுந்தே விட்டார். "என்னம்மா இது!"

"இருங்க, இருங்க. புது ஃபைலைக் கம்பைல் பண்ணி உள்ள சேர்க்காமலே அனுப்பிட்டேன்." அவள் நகத்தைக் கடித்துக்கொண்டே மறுபடி என்னவோ செய்தாள். மறுபடி அழுத்தினாள்.

திரையில் எதுவும் வரவில்லை, தமிழும் வரவில்லை. ஆனால் சட்டைப் பையில் போன் ஒருதரம் நடுங்கியது. எடுத்துப் பார்த்தார். இங்கிலீஷ் எழுத்து தெரியாது, எண் தெரியும். 60,140. விரல் வைத்து மறுபடி வாசித்தார். அதேதான்.

"வந்துடுச்சு" என்றார். சந்தோஷப்படத்தான் நினைத்தார், ஆனால் அலுப்புதான் முதலில் வந்தது. வெடித்த நாற்காலியில் மறந்துபோய்ச் சாய்ந்து, கீழே விழப் பார்த்துச் சமாளித்துக்கொண்டார்.

சாயங்காலம் கோயில் மண்டபத்தில் கிளமென்ட் பெயர்ப் பட்டியல் எழுதப் பேனாவைத் திறந்து வைத்திருந்தார். வாசலில் மீதிக் குத்தகைக்காரர்கள் பத்துப் பேரும் பணம் ஏறிய செய்தி வந்த போனைக் கையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றார்கள். டேவிட்சன் தூண் ஓரமாக நின்று டிராக்டர் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தான்.

"சர்வர் சரியாயிடுச்சாமே பெரியநாயகம்?" என்றார் வரிசையில் ஒருவர்.

"ஆமாமா, சர்வர்" என்றார் பெரியநாயகசாமி.

பேங்கிலிருந்து எடுத்துவந்த பதினெட்டாயிரத்தை எண்ணி மேசை மேல் வைத்தார். கிளமென்ட் ரசீதுப் புத்தகத்தைப் பிரித்து எழுதிக் கிழித்துக் கொடுத்தார். பெரியநாயகசாமி நகரவில்லை, அங்கேயே நின்று தலையிலிருந்து கால்வரை வாசித்தார். பேர் முழுசாக இருந்தது. பட்டா எண் இருந்தது. கடைசிக் கட்டத்தில் கிளமென்ட்டின் கோணல் எழுத்தில் எழுதியிருந்தது: பாக்கி இல்லை.